ஊரப்பாக்கத்திலிருந்து முப்பத்து நான்கு கிலோமீட்டர்

ஜூலை 3, திங்கள்

காலையில் கஞ்சி குடித்து முடித்த அப்பா, டம்ளரை என்னிடம் நீட்டியபடி, "தம்பி, போற எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாமா?" என்றார்.

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடங்களுக்கு முன், அம்மா இறந்த மறுமாதம், தன் உடலை நகரத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு அவர் எழுதிக்கொடுத்தார். எரிப்பதும் புதைப்பதும் வீண் என்று எண்பத்து மூன்று வயதிலும் சொல்லிக்கொண்டிருப்பவர். கல்லூரியின் பெயரை நான் எழுதுவதில்லை. முப்பத்தேழு வருடமாக வாயால் சொல்வதும் இல்லை. 'அந்தக் கல்லூரி' என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முதுகெலும்பில் இரண்டு இடத்தில் நொறுங்கியிருக்கிறது, இதயமும் களைத்துவிட்டது, அடுத்த மழைக்காலத்தைப் பார்ப்பது சிரமம் என்று மருத்துவர் போன மாதம் சொன்னார். உட்காரவைத்தால் இருபது நிமிடம் தாங்குவார். பிறகு முகம் வெளுத்துவிடும்.

அங்கே போய் என்னப்பா பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் எவனாவது பிள்ளையைச் சேர்ப்பானா என்றார். முப்பத்தோரு வருடம் தலைமையாசிரியராக இருந்தவர், எல்லாவற்றையும் அந்தக் கணக்கில்தான் பேசுவார். பிறகு சொன்னார்: "பேரப் பதிஞ்சிருப்பாங்கல்ல. அந்த நோட்டையும் ஒரு பார்வ பாத்துடணும்."

வண்டியைச் சரிபார்க்க வேண்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ரேணுகா அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னையே பார்த்தாள். மனைவிக்குக்கூட நான் எல்லாவற்றையும் சொல்வதில்லை.

தூரம் முப்பத்து நான்கு கிலோமீட்டர். ஒழுங்காகத் திட்டமிட வேண்டும்.

ஜூலை 5, புதன்

மூன்று வழிகள்.

ஒன்று, ஜி.எஸ்.டி. சாலையில் நேராக. பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, விமான நிலையம், கத்திப்பாரா, சைதாப்பேட்டை. இதுதான் குறைந்த தூரம். ஆனால் பெருங்களத்தூரில் பேருந்துகள் சாலை நடுவிலேயே ஆளை ஏற்றும். இரண்டு, வண்டலூரில் இடப்பக்கம் திரும்பி வெளிவட்டச் சாலை. சுற்று அதிகம், குலுக்கல் குறைவு. மூன்று, தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழி. அதை எழுதும்போதே அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் சாலை காலியாக இருக்கும். அலுவலகம் இருக்காது. வேலை நாள் என்றால் அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும், அந்த நேரத்தில் நகரமே சாலையில் நிற்கும்.

முன்பக்க டயர் இரண்டும் வழுக்கை. டயர்க்கடைக்காரன் நாளை வரச்சொன்னான். என் வண்டியை வெளியே எடுக்கவே அடுத்த வீட்டுக்காரரிடம் அவருடைய வண்டியை நகர்த்தச் சொல்லிப் பத்து நிமிடம் நின்றேன். எட்டு வருடமாக நிற்கிறேன். ஒருநாளும் அவர் வருத்தம் தெரிவித்ததில்லை.

பின்னிருக்கையில் படுக்கவைத்து அழைத்துப் போகலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். படுக்கவைத்தால் நேரக்கணக்கு எதுவும் தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"படுத்துக்கிட்டுப் போறதுக்குன்னு அப்புறம் ஒரு நாள் இருக்கு. இப்ப உக்காந்துதான் போவணும்."

ஜூலை 6, வியாழன்

மழை. டயர் மாற்றவில்லை.

ஹாலில் கடிகாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொன்னார் அப்பா. உட்கார்ந்து பழகப் போகிறாராம். இன்று இருபத்தைந்து நிமிடம்.

ஜூலை 8, சனி

டயர் மாற்றியாயிற்று. அப்பா முப்பது நிமிடம்.

என்னிடம் இனித் தள்ளிப்போடக் காரணம் எதுவும் இல்லை என்பதால் இதை எழுதிவைக்கிறேன்.

1974-இல் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, சாதி என்று போட்டிருந்த இடத்தில் அப்பா 'இல்லை' என்று எழுதினார். அவருடைய பள்ளிதான். அவரே எழுதி, அவரே கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்தார். அந்த வருடம் திருவாரூரில் நடந்த ஒரு கூட்டத்தில் மேடைக்கு என்னைத் தூக்கிப் போய்க் காட்டினார்கள். சாதியில்லாத பிள்ளை. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு ரூபாய்ப் பேனா கொடுத்தார்கள். எனக்கு இளவழுதி என்று பெயர் வைத்தவரும் அந்த மேடையில்தான் உட்கார்ந்திருந்தார்.

'இல்லை' என்றால் பொதுப்பிரிவு என்று அர்த்தம் என்பது 1986-இல் தெரிந்தது. மருத்துவச் சேர்க்கைப் பட்டியலை அந்தக் கல்லூரிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பொதுப்பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தவனுக்கும் எனக்கும் ஒன்றரை மதிப்பெண் வித்தியாசம். பக்கத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். அதில் என்னைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். விரல் வைத்து எண்ணினேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அது அவர்களுக்கு உரியது. எனக்கும் உரியதாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து என் தங்கை பொற்கொடியின் முறை வந்தது. அம்மா நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஐந்தாம் நாள் அப்பா தாசில்தார் அலுவலகத்துக்குப் போனார். பொற்கொடி தஞ்சாவூரில் படித்து, இப்போது மதுரையில் மயக்க மருந்து நிபுணர். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் சாதி இருந்தது.

நான் விலங்கியல் படித்தேன். முனைவர் பட்டமும் வாங்கினேன். தனியார் கல்லூரி ஒன்றில் இருபத்தெட்டு வருடம் தவளையின் இதயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். நடுவில் தவளையை அறுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது, படத்தில் காட்டினேன். அதன் பிறகு துறையே வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் அப்பா உடல்தானப் படிவத்தைத் தன் கையாலேயே நிரப்பி என்னிடம் கொடுத்தார். தபாலில் வேண்டாம், நேரில் கொண்டுபோய்க் கொடு என்றார். கிளம்பினேன். கத்திப்பாராவரை போனேன். அந்தக் கல்லூரிக்குள் நுழைய எனக்கு ஒன்றரை மதிப்பெண் போதவில்லை. இவருக்கு ஒரு கையெழுத்து போதும் என்ற நினைப்பு வந்தது. கிண்டியில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். கொடுத்தாயிற்றா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன்.

படிவம் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

அப்பா முப்பத்தைந்து நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை 10, திங்கள்

ஒத்திகைக்காகத் தனியே போனேன். 10.20-க்கு வீட்டிலிருந்து கிளம்பி, 11.08-க்குக் கத்திப்பாரா. மேம்பாலத்தில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினால் வந்த சாலையிலேயே திரும்ப இறங்கிவிடலாம். அப்படிச் செய்தேன். சைதாப்பேட்டைப் பக்கம் நெரிசல் அதிகமாகத் தெரிந்தது.

மேம்பாலத்திலிருந்து சைதாப்பேட்டை தெரியாது.

மெட்ரோ வேலை நடக்கிறது, பாதை முழுக்கப் பள்ளம், ஒரு மாதம் போகட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பழைய நாட்காட்டித்தாள் ஒன்றையும் பென்சிலையும் கேட்டார். பின்பக்கத்தில் கோடு போட்டு அட்டவணை தயாரித்தார். புறப்பாடு 11.10. தாம்பரம் 11.30. விமான நிலையம் 11.45. கத்திப்பாரா 11.55. கல்லூரி 12.20. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் போய்ச்சேர்ந்திருப்பார்கள், சாப்பாட்டு இடைவேளைக்கு ஒரு மணிநேரம் இருக்கும். மொத்தம் எழுபது நிமிடம், ஐந்து நிமிடம் கையிருப்பு.

"எழுபத்தஞ்சு வரைக்கும் நான் உக்காந்து பழகிடுறேன். பள்ளத்தப் பாத்து ஓட்டுறது ஒன் பொறுப்பு."

கை நடுங்கியும் கோடுகள் நேராக இருந்தன. அந்தத் தாளைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன்.

ஜூலை 12, புதன்

பொற்கொடி போனில் பேசினாள். அப்பா அவளிடம் பயணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இந்த உடம்போடு அவரை அலைக்கழிக்காதே என்றாள். பிறகு, உடல்தானமே அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது வெளியே வந்தது. ஒரு மருத்துவர் இப்படிப் பேசலாமா என்றேன்.

"அண்ணா, நான் அந்த அறுக்குற மேசைக்குப் பக்கத்துல ஒரு வருஷம் நின்னவ. எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது."

எனக்கு ஏன் தெரியாது என்பதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். அவள் மெதுவாக, சண்டைக்காரக் குரல் இல்லாமல் சொன்னாள்: "எனக்கு வாங்குனப்பவே அம்மா ஒனக்கும் சர்ட்டிபிகேட் வாங்கித் தர்றேன்னுதானே சொன்னாங்க. இன்னொரு தடவ பரீட்சை எழுதுன்னு அப்பாவே சொன்னாரு. நீதான் வேணாம்னே. டாக்டராவுறத விட அப்பாவக் குத்தவாளியாவே வெச்சிருக்குறது ஒனக்கு முக்கியமா இருந்துச்சு."

வைத்துவிட்டேன்.

அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். எழுதிவைத்துவிட்டால் மனதில் சுற்றிக்கொண்டிருக்காது என்பதற்காக. மற்றபடி பதில் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

அப்பா நாற்பத்தைந்து நிமிடம். இறக்கிப் படுக்கவைத்தபோது சட்டை முழுக்க வேர்வை. துடைத்துவிட்டு வேறு சட்டை போட்டேன்.

ஜூலை 13, வியாழன்

ஐம்பது.

ஜூலை 14, வெள்ளி

இழுப்பறையைத் திறந்தேன். படிவத்தை எடுத்துக்கொண்டு, மின்கட்டணம் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொஞ்ச நேரம் அப்பாவோடு இருக்கச் சொன்னேன்.

கத்திப்பாராவில் திரும்பவில்லை.

கல்லூரி வாசலில் நிழலுக்கு நின்றுகொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தார்கள். வெயிலுக்குச் சுமை என்பதுபோல. அதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

உடற்கூறியல் துறை அலுவலகத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். மேசைமேல் செல்வராணி என்று பெயர்ப்பலகை. படிவத்தை வாங்கி அப்பா எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆறு வருடம் எங்கே இருந்தது என்று கேட்டார். வீட்டில் என்றேன். அவர் பதிவேட்டை எடுத்து விரித்தார்.

தடித்த அட்டை போட்ட பெரிய பதிவேடு. பேர், வயது, முகவரி, பதிந்த தேதி. அப்பாவின் பேரை எழுதினார். மாசிலாமணி, 83. தேதி எழுதப்போகும்போது, படிவத்தில் இருக்கும் தேதியையே போடமுடியுமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

"சார், இது வரிசையா வர்ற நோட்டு. மேல இருக்கறவங்க நேத்து வந்தவங்க. ஆறு வருஷத்துக்கு முந்தி நடுவுல எடம் எங்க சார் இருக்கு?"

மன்னிப்புக் கேட்டேன். இன்றைய தேதியைப் போட்டார். அவர் நேரில் வந்து பார்க்க ஆசைப்படுகிறார், மாடி ஏற முடியாது என்றேன். வண்டியை முன்பக்கம் நிறுத்திவிட்டுத் தகவல் அனுப்பினால் பதிவேட்டோடு கீழே வருவதாகச் சொன்னார். நான் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார்: "இந்தப் பதிவெல்லாம் ஒரு ஒழுங்குக்குத்தான் சார். எழுதிக் குடுத்துட்டுப் போனவங்க எல்லாரும் வர்றதில்ல. பெத்த பிள்ளைங்க கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்தாத்தான் வருவாங்க."

ஆறு வருடமாக ஒரு காகிதத்தைத்தான் பூட்டி வைத்திருந்தேன். தடுக்கும் அதிகாரம் காகிதத்தில் இல்லை, என்னிடமே இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஒத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பிள்ளை மதுரையில் இருக்கிறாள். நான் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தவன்.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. தெருமுனைக் கோயிலில் காலை ஐந்தரைக்கே ஒலிபெருக்கி. நாள் முழுக்க அம்மன் பாட்டு. நாத்திகர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பழகும் வீடு என்று அவர்களுக்குத் தெரியுமா?

அப்பா அறுபத்தைந்து நிமிடம். "பாட்டு ஓடுறதுல பத்து நிமிஷம் போனதே தெரியல. நிர்வாகிகளுக்கு ஒரு நன்றிக் கடுதாசி எழுதிப் போட்டுடு" என்றார். ரேணுகா சமையலறையிலிருந்து சிரிப்பது கேட்டது. இந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். யார் காரணம் என்று யோசிக்கவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

பேர் இருக்கிறது. பிரச்சினை தேதி மட்டும்தான்.

பதிவேட்டில் தேதி கடைசிக் கட்டம், பக்கத்தின் வலது ஓரம். பதிவேட்டை நான் வாங்கி அவர் மடியில் பிடித்தால், வலது கைக் கட்டைவிரல் இயல்பாகவே அந்த இடத்தில் வரும். வீட்டிலிருந்த பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். மறைகிறது. மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போகலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அது கீழ்த்தரமானது என்பதால் விட்டுவிட்டேன்.

மூன்று வழிகளில் ஆரம்பித்தேன். கட்டைவிரலில் வந்து நிற்கிறேன்.

அப்பா எழுபது.

ஜூலை 19, புதன்

எழுபத்தைந்து. முடிந்ததும் பேச்சு வரவில்லை. கையை மட்டும் உயர்த்திக் கடிகாரத்தைக் காட்டினார். ரேணுகா அழுதுவிட்டாள். நாளைக்கு அவள் விடுப்பு.

கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். கழுத்து இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கிறது.

ஜூலை 20, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

அடுத்த வீட்டுக்காரர் தன் வண்டியை நேற்று மாலையே எடுத்து வேறு தெருவில் விட்டிருந்தார். காலையில் அவரும் நானுமாக அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து முன்னிருக்கையில் உட்காரவைத்தோம். முதுகுக்கு இரண்டு தலையணை. சிறுநீர் சேரும் பையைக் கதவு ஓரம் தொங்கவிட்டேன். ரேணுகா பின்னால், தண்ணீரும் மாத்திரையும் மடியில். 11.10-க்குக் கிளம்பினோம். அப்பா கையில் அட்டவணை.

பெருங்களத்தூரில் பேருந்துகள் ஓரமாக நின்றன. தாம்பரம் 11.27. அப்பா பென்சிலால் குறித்துக்கொண்டார். கத்திப்பாரா மேம்பாலத்தைப் பார்த்து, இதைப் போட்டவன் வடிவக்கணிதம் ஒழுங்காகப் படித்தவன் என்றார். அந்தப் பாலத்தில் எங்கே திரும்பினால் வீட்டுக்குப் போகலாம் என்பதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

சைதாப்பேட்டையில் வலி தொடங்கிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். நிறுத்தட்டுமா என்றதற்குத் தலையசைத்து மறுத்தார். பதினேழாம் வாய்ப்பாடு ஆரம்பித்தது. ரேணுகாவும் பின்னாலிருந்து கூடச் சொன்னாள். அவளுக்குப் பதினேழு தெரியும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

கல்லூரி வாசல் 12.16. அறுபத்தாறு நிமிடம்.

துறைக் கட்டடத்தின் முன்னால் வேப்பமர நிழலில் நிறுத்தினேன். ரேணுகா மேலே போய்ச் சொன்னாள். செல்வராணி பதிவேட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். அப்பா கும்பிட்டார். அவரும் கும்பிட்டு, "வாங்கய்யா" என்றார், வீட்டுக்கு வந்தவரைச் சொல்வதுபோல. கதவைத் திறந்து பதிவேட்டை நீட்டினார். நான் முந்திக்கொண்டு வாங்கி, பக்கத்தைப் பிரித்து, அப்பாவின் மடியில் பிடித்தேன். திட்டமிட்டபடி.

பேரைப் படித்தார். வயதைப் படித்தார். எண்பத்து மூன்று. படிப்பதை அங்கே நிறுத்தினார். ஆறு வருடத்துக்கு முன்னால் தனக்கு எழுபத்தேழு என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா? கட்டைவிரலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நான் வயதை நினைக்கவே இல்லை.

"வெரல எடு, தம்பி."

எடுத்தேன்.

தேதியைப் படித்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வெள்ளிக்கிழமை. செல்வராணி வேறு பக்கம் திரும்பி மரத்தைப் பார்த்தார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பல வருடமாகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள். பதிவேட்டை அவர் மடியில் பிடித்தபடியே நின்றேன்.

அப்பா நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்து, "அட்மிஷன் நம்பர் எத்தனைம்மா?" என்று கேட்டார். அவர் பதிவு எண்ணைச் சொன்னார். அட்டவணைத்தாளின் கீழே அதைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பிவைத்தார். ரேணுகாவிடம், தண்ணீர் பாட்டில் காலியாகிவிட்டது, கொஞ்சம் பிடித்துவா என்றார். பாட்டிலில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. அவள் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"நீ பாத்த லிஸ்ட்ட எங்க ஒட்டியிருந்தாங்க?"

எதிர்க் கட்டடத்தைக் காட்டினேன். இப்போது அந்தச் சுவரில் பளிங்குக்கல் பதித்திருக்கிறார்கள். ஓரத்தில் குடிநீர்க் குழாய். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தச் சுவரைப் பார்த்தார், அதில் இன்னும் தாள் ஒட்டியிருப்பதைப்போல.

"தனியாவா வந்த?"

"ஆமாப்பா."

"எதுல?"

"ராத்திரி ரயில்ல வந்து எறங்கி, எழும்பூர்லேந்து நடந்து வந்தேன்."

"சாப்பிட்டியா அன்னிக்கி?"

"இல்ல."

கடிகாரம் 12.31. எண்பத்தொரு நிமிடமாக உட்கார்ந்திருந்தார். இருக்கையைச் சாய்க்கட்டுமா என்றேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் எழுதுனது தப்புன்னு இன்னிக்கும் சொல்ல மாட்டேன். அத எதிர்பாக்காத." மூச்சு வாங்கியது. "கூட வராதது தப்பு."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படிவத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அவரே இருக்கையைச் சாய்க்கச் சொன்னார். சாய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். ஊரப்பாக்கம் வரும்வரை திறக்கவில்லை. திரும்பியபோது எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் குறிக்கவில்லை.

ஜூலை 21, வெள்ளி

அப்பா நாள் முழுக்கத் தூங்கினார். நாற்காலியை இனிப் போட வேண்டாம் என்றார்.

ரேணுகாவிடம் இழுப்பறையைப் பற்றிச் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்பே தெரியும் என்றாள், துடைக்கத் திறந்தபோது பார்த்தாளாம். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "கேட்டா கிழிச்சுப் போட்டுடுவீங்க" என்றாள்.

ஜூலை 23, ஞாயிறு

பொற்கொடியைக் கூப்பிட்டேன். அவள் சொன்னது சரி என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். டயர் விலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். நாளை மறுபடி கூப்பிட வேண்டும்.

ஜூலை 24, திங்கள்

கூப்பிட்டேன். சொன்னேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

இன்று விடியற்காலை அப்பா இறந்தார். தூக்கத்தில். பொற்கொடி மூன்று நாளாக இங்கேதான் இருக்கிறாள். அவள்தான் நாடி பார்த்துச் சொன்னாள்.

கண்களை எடுக்க வந்தவர்கள் எட்டு மணிக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டார்கள். மருத்துவர் சான்றிதழ் எழுதிக்கொடுத்தார். சடங்கு எதுவும் இல்லை. தெருமுனைக் கோயிலில் ஒலிபெருக்கியை அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம்.

8.50-க்கு அமரர் ஊர்தி கிளம்பியது. நெரிசல் உச்சத்தில் இருக்கும் நேரம். அப்பாவின் அட்டவணை இதைத் தவிர்ப்பதற்காகத்தான் போடப்பட்டது. இன்று அவர் உட்கார வேண்டியதில்லை. ஓட்டுநர் என்னை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். பொற்கொடியை முன்னால் அனுப்பிவிட்டு நான் பின்னால் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெருங்களத்தூரில் பதினோரு நிமிடம் நின்றோம். வண்டி குலுங்கும் இடத்திலெல்லாம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். பழக்கம்.

செல்வராணி இறங்கி வந்தார். பதிவேட்டில் பேரைத் தேடவில்லை, பக்கம் அவருக்கு நினைவிருந்தது. ஒப்புதல் கடிதத்தை நீட்டியபோது பேனாவை நான் எடுப்பதற்குள் பொற்கொடி எடுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் கொடுத்தாள். நானும் போட்டேன். உள்ளே கொண்டுபோகும்போது வாசலிலேயே நின்றுவிடலாம் என்றார்கள். பொற்கொடி என் முழங்கையைப் பிடித்து, "வாண்ணா, நான் கூட வர்றேன்" என்றாள். போனோம். நீளமான கூடம், உயரத்தில் ஜன்னல்கள், வரிசையாக மேசைகள். வெளிச்சம் நன்றாக இருந்தது. முப்பத்தேழு வருடமாக நான் நினைத்திருந்ததைவிடச் சிறிய கூடம்.

வெளியே வந்ததும் செல்வராணியிடம் நிரப்பாத படிவம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

இப்போது மாலை நான்கு. படிவம் மேசைமேல் இருக்கிறது. இழுப்பறையில் வைக்கவில்லை. மேலே கல்லூரியின் பெயர் அச்சிட்டிருக்கிறது. ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

அந்தக் கல்லூரிக்கு நான் விண்ணப்பம் எழுதுவது இது இரண்டாவது தடவை.